பதினாலாம் வரிசை, வியாழக்கிழமை

1

இந்தக் கதை ஓர் ஓட்டையிலிருந்து வந்தது. அவ்வளவு கௌரவமான பிறப்பு இல்லைதான், ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு நூற்றைம்பது வயதாகிறது. அதன் முதல் வருகைப் பதிவேட்டில், பதினாலாம் வரிசையில், ஒரு வியாழக்கிழமைக் கட்டத்தில் காகிதமே இல்லை. சுண்டுவிரல் நகம் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியே பார்த்தால் அடுத்த தாள் தெரிகிறது.

பதிவேடு என் கைக்கு வந்த விதத்தில் அதிசயம் ஒன்றும் இல்லை. விழா மலர்க் குழுவின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவர், இப்போது பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறார். என் இரண்டு நாவல்களையும் படிக்காமலே பாராட்டினார்.

"நாலு பக்கம் போதும் சார். பள்ளிக்கூடத்தோட ஆரம்பகால வரலாறு, கட்டடங்கள், அவ்வளவுதான். யாரும் படிக்கப்போறதில்ல. ஆனா மலர்ல அது இல்லன்னா மட்டும் எல்லாரும் கேப்பாங்க."

பதிவேடு, பள்ளியை நிறுவிய துரையின் கடித நகல்கள், ஒரு பழைய வரைபடம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மேசைமேல் வைத்தார். கூடவே ஒரு தாளையும் நீட்டினார். பொறியாளருக்குப் போக வேண்டியது, வெறும் சம்பிரதாயம், கீழே ஒரு கையெழுத்துப் போதும் என்றார். போட்டேன். பிறகு அந்தத் தாளுக்கு வருகிறேன். அங்கே வராமல் தப்பிக்கத்தான் இவ்வளவு நேரமாக ஓட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கங்கள்.

"அறிவொளி பரப்பும் உயரிய நோக்கத்துடன் கடல் கடந்து வந்த துரை அவர்கள்..." மலருக்கு வேண்டியது இதுதான். எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

"ஒரு கூரைக் கொட்டகை, முப்பத்திரண்டு பிள்ளைகள், ஒரு வாத்தியார். பத்தடி தள்ளி எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு செங்கல் கூடம்." இது உண்மை, வரைபடத்தில் இருக்கிறது. ஆனால் இதில் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை.

"புதன்கிழமை மத்தியானம் வடக்கு வளைவு விழுந்தபோது வாத்தியார்..."

இங்கேதான் நின்றேன். வளைவு விழுந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். துரை தன் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தின் சாரம் இது. கூடத்தின் வடக்கு வளைவு புதன் நண்பகல் சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. கட்டட வேலை செய்யும் ஒருத்தி தன் மகளைக் காணவில்லை என்று வந்தாள். பதிவேட்டைப் பார்த்ததில் அந்தச் சிறுமி மறுநாள் வியாழன் காலை வகுப்புக்கு வந்திருக்கிறாள், ஆகவே எங்கோ ஓடிப்போயிருக்க வேண்டும். மிச்சமிருக்கும் பாதிச் சுவர் சாய்ந்து நிற்பதால் தோண்டுவது ஆபத்து. அதையும் இடிபாட்டின்மேல் தள்ளி, கெட்டித்து, மேடையாக்கச் சொல்லியாயிற்று.

மூன்று வரி தள்ளி, அதே பக்கத்தில், அதே மையில் இதுவும் இருக்கிறது. பிள்ளைகள் பயந்துபோயிருக்கிறார்கள். வியாழனன்று கொட்டகையில் ஒன்பது பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

பதிவேட்டை எடுத்து வியாழக்கிழமைப் பத்தியை எண்ணினேன். வந்தவர்களுக்குச் சாய்கோடு, வராதவர்களுக்குச் சுழி. முப்பத்தொரு சாய்கோடு, ஓர் ஓட்டை. சுழி ஒன்றுகூட இல்லை.

3

அக்கா முப்பத்தாறு வருஷம் டீச்சராக இருந்தவள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டைக் காட்டி, ஒன்பது பேர் எப்படி முப்பத்திரண்டு பேர் ஆனார்கள் என்று கேட்டேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"முந்தின நாளே போட்டிருப்பான்."

"முந்தின நாளேன்னா?"

"இன்ஸ்பெக்ஷன் வரப்போகுதுன்னு காதுல விழுந்துட்டா நாங்களும் அப்படித்தான். காலையில திடுதிப்புன்னு வந்து நின்னா பதிவேடு வெறும் கட்டமா இருக்கக்கூடாது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி மறுநாளுக்கு வரிசையா ஒரே இழுப்பு. எவனாவது வரலன்னா கோட்டைச் சுழியாக்கிக்கலாம்."

"நீயுமா?"

"பின்ன. பெரிய யோக்கியன் மாதிரி கேக்காத."*

* அக்கா இந்த இடத்தை எடுத்துவிடச் சொன்னாள். பென்ஷனுக்கு ஒன்றும் ஆகாது என்று சமாதானப்படுத்தி வைத்திருக்கிறேன்.

ஆக, கோடு பொய். வியாழக்கிழமையின் கோடு புதன்கிழமை மத்தியானம் போடப்பட்டது. அதைப் போட்ட கை வாத்தியாருடையது. இனி வருவதில் ஆவணம் கிடையாது, எல்லாம் என் கைச்சரக்கு. கடிதத்துக்கும் ஓட்டைக்கும் நடுவில் இருக்கிற இடத்தை நான் இட்டு நிரப்புகிறேன்.

4

முதல் பிரதியில் வாத்தியாரைக் கெட்டவனாக எழுதினேன். பிள்ளைகளின் முதுகில் பிரம்பால் விளையாடுகிறவன், துரையின் காலடியிலேயே கிடக்கிறவன். இரண்டு பக்கத்துக்கு மேல் அந்த ஆள் நகரவில்லை. கெட்டவன் என்றால் பொய் சொல்வது அவனுக்கு எளிது, எளிது என்றால் கதை எதற்கு? கிழித்துப்போட்டேன்.

இப்போதிருக்கிற வாத்தியார் வீட்டோடு மாப்பிள்ளை. அதற்கு முன் ஏழு வருஷம் நீதிமன்ற வாசலில் உட்கார்ந்து ஊரார் மனுக்களைப் படி எடுத்துக்கொண்டிருந்தார். மாமனார் தினமும் காலையில் இலையைப் பார்த்தபடியே கேட்பார், "மாப்பிள்ளைக்கு இன்னிக்கு வேலை இருக்கா?" ஏழு வருஷமும் அதே கேள்வி. பள்ளிக்கூடத்து உத்தியோகம் கிடைத்து, துரை கழித்துக் கொடுத்த கோட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிய அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி நின்றது. கோட்டின் கை நீளம். எழுதும்போது இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொள்வார்.

அவருக்குப் பயம் ஒன்றுதான். பதிவேடு வெறும் கட்டமாக இருந்தாலும் பொய்யாக இருந்தாலும், பள்ளி ஆய்வாளர் கண்டுபிடித்தால் வாத்தியாரை அன்றே அனுப்பிவிடுவார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் அப்படி நடந்திருக்கிறது. ஆய்வாளரோ எந்தக் காலையில் வருவார் என்று தெரியாது, அடுத்த வாரத்துக்குள் வருவார் என்று மட்டும் பேச்சு. பிள்ளைகள் வருகிற நேரத்துக்கு வருவார்கள். ஆகவே மறுநாள் வருகையை முந்தின நாள் மத்தியானமே போட்டுவைத்தார். பயந்த மனிதன் செய்கிற தப்பு எப்போதும் ஒழுங்காகத்தான் இருக்கும். அவருடைய சாய்கோடுகள் எல்லாம் ஒரே உயரம்.

பதினாலாம் வரிசை ஒரு பெண்பிள்ளை. ஏழு வயது. எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவாள் என்பதால் கொட்டகையில் எல்லோரும் சுண்டெலி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் அம்மா அந்தக் கூடத்தைக் கட்டுகிற வேலையில் சித்தாள், சாந்துச் சட்டி சுமப்பவள். மகளைப் படிக்கவைக்க வேண்டும் என்ற பெரிய எண்ணமெல்லாம் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பிள்ளை வெயிலில் நிற்காமல் கண்ணில் படுகிற தூரத்தில் இருந்தால் போதும் என்று கொண்டுவந்து விட்டாள்.

மத்தியானம் சட்டிகளைக் கழுவிவிட்டு அம்மா வரும்வரை சுண்டெலி வடக்கு வளைவுக்கு அடியில் காத்திருப்பாள். அங்கே நிழல் குளிர்ச்சியாக இருக்கும்.

5

சுண்ணாம்புச் சாந்து இறுக நாள் பிடிக்கும். அதுவரை வளைவைத் தாங்க அடியில் மரமுட்டு நிற்க வேண்டும். இன்னும் இருபது நாள் விடணும் என்று கொத்தனார் சொன்னார். ஆய்வாளர் வந்து பார்க்கும்போது கூடத்துக்குள் முட்டுக்கட்டையாக நிற்கக்கூடாது என்று துரை சொன்னார். புதன்கிழமை காலையில் மரமுட்டைப் பிரித்தார்கள்.

(வாத்தியாரின் பேனா சரியாகப் பதினாலாம் வரிசையில் இருந்தபோது சத்தம் கேட்டது என்று முதலில் எழுதினேன். நாடகத்தனம். அடித்துவிட்டேன்.)

முப்பத்திரண்டு கோட்டையும் போட்டு முடித்து, மை உலர ஊதிக்கொண்டிருந்தபோது கேட்டது. கொட்டகைக் கூரையிலிருந்து தூசி கொட்டியது. வெளியே வந்து பார்த்தால் வடக்குப் பக்கத்தில் ஒன்றரை ஆள் உயரத்துக்குச் செங்கல் குவியல், அதன்மேல் வெள்ளைப் புகைபோலச் சுண்ணாம்பு. பிள்ளைகள் மூலைக்கொன்றாக ஓடினார்கள். யார் ஓடினார்கள், யார் ஓடவில்லை என்று எண்ணுகிற நிலையில் அவர் இல்லை.

அன்று சாயங்காலம் சித்தாள் வெறுங்கையால் செங்கல் பொறுக்கினாள். கொத்தனாரும் இரண்டு பேரும் இருட்டும்வரை கூட நின்றார்கள். பயத்தில் எங்கேயாவது ஒளிந்திருப்பாள், காலையில் வந்துவிடுவாள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். காலையில் வரவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குத் துரை வந்து எல்லோரையும் குவியலிலிருந்து இறங்கச் சொன்னார். மேலே பாதிச் சுவர் சாய்ந்து நின்றது, இறங்கச் சொன்னதில் நியாயம் இருந்தது. சித்தாள் இறங்கவில்லை.

"துரை, என் பொண்ணு இதுக்கு அடியில கெடக்கா."

துரை வாத்தியாரைப் பார்த்தார். "பதிவேட்டைக் கொண்டுவாருங்கள்."

கொண்டுவந்தார். காலைக் கலவரத்தில் ஒரு கோட்டைக்கூட அவர் சுழியாக்கியிருக்கவில்லை. துரை விரலால் வரிசையைத் தேடி, பதினாலில் நிறுத்தி, பக்கவாட்டில் இழுத்துப்போய் வியாழக்கிழமையில் நின்றார்.

"இன்று காலை வந்ததாகக் கோடு இருக்கிறதே."

அம்மா வாத்தியாரிடம் திரும்பினாள். கை முழுக்கச் சுண்ணாம்பு அரித்து வெடித்திருந்தது. "வாத்தியாரே, நீங்க சொல்லுங்க. இன்னிக்கு வந்தாளா?"

இந்த இடத்தை ஒன்பது முறை எழுதினேன். ஒரு பிரதியில் வாத்தியார் "இல்லம்மா, அது நேத்தே போட்ட கோடு" என்று சொல்லிவிடுகிறார். எல்லோரும் தோண்டுகிறார்கள். அந்தப் பிரதியில் எனக்கு மனசு லேசாகிவிட்டது, அதனாலேயே அது பொய் என்று தெரிந்தது. அப்படி நடந்திருந்தால் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அவர் மாமனாரின் இலையை நினைத்தார். பதிவேடு பொய் என்றால் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள், மற்ற முப்பத்தொரு பிள்ளைகளின் கதி என்ன என்றும் நினைத்தார். பின்னால் நினைத்ததுதான் அவருக்கு உதவியாக இருந்தது. கோட்டின் கைமடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஒன்பதாவது பிரதியில்தான் இந்த வாக்கியம் கிடைத்தது. கிடைத்தபோது சந்தோஷப்பட்டேன், அதற்காக வெட்கமாகவும் இருக்கிறது.

துரைக்குக் கண் இருந்தது. கொட்டகையில் ஒன்பது பேர்தான் இருந்ததை அவரே எழுதியிருக்கிறார். பத்தி முழுக்கக் கோடாக இருந்ததையும் பார்த்திருப்பார். பதிவேட்டை மூடி வாத்தியாரிடம் கொடுத்தார்.

சித்தாளின் முகம் தெளிந்தது. அதைத்தான் வாத்தியார் எதிர்பார்க்கவில்லை. அவள் கூச்சல் போடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்திருந்தார். அவளோ குவியலிலிருந்து இறங்கி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப உசுரோட இருக்கா" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.

6

நான்கு நாள் தேடிவிட்டுத் திரும்பி வந்தாள். வேலைக்கு வந்தாள், வேறென்ன செய்வாள். அதற்குள் பாதிச் சுவரையும் தள்ளி, குவியலைச் சமன் செய்து, மேலே சாந்து கொட்டத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சாந்தைச் சுமந்தவர்களில் அவளும் ஒருத்தி. (இது அதிகப்படி என்று அக்கா சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அவள் அங்கே வேலை செய்தவள், வேறு எதைச் சுமந்திருப்பாள்?)

சனிக்கிழமை சாயங்காலம் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"வாத்தியாரே, அன்னிக்குக் காலையில வந்தாளே, எப்படி இருந்தா?"

வாத்தியார் பிரம்பை எடுத்து வைத்தார், திரும்பவும் எடுத்தார். "நல்லாத்தான் இருந்தா."

"சாப்பிட்டேன்னு சொன்னாளா?"

"சொன்னா."

"எங்க படுத்திருந்தாளாம் ராத்திரி?"

"கேக்கலம்மா."

அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அன்றைக்கு என்ன பாடம் நடந்தது, இவள் பதில் சொன்னாளா என்று கேட்டாள். எண்கள் சொன்னாள், நாற்பதுவரை தப்பில்லாமல் சொன்னாள் என்றார் வாத்தியார். அதற்கடுத்த வாரம் சுண்டெலிக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, அதைக் காட்டிச் சிரித்தாள். இன்னொரு வாரம் பக்கத்துப் பிள்ளையின் பலகையை ஒளித்துவைத்துத் திட்டு வாங்கினாள். நடக்காத ஒரு காலைப்பொழுதை வாத்தியார் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமையே யோசித்து வைத்துக்கொள்ளவும் ஆரம்பித்தார். முன்னுக்குப் பின் முரணாகிவிடக்கூடாது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

என் தொழில் அதுதான். அதனால்தான் அவரை என்னால் கிழித்துப்போட முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் கேட்டாள், "அந்தக் கோடு எங்க இருக்கு? காட்டுங்க."

பதிவேட்டைத் திறந்து காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவர் விரல் நின்ற இடத்தில் தன் விரலை வைத்தாள். சுண்ணாம்பில் ஊறிக் கல்லாகிப்போன விரல். கன்னத்தைத் தடவுவதுபோல ஒரு முறை தடவினாள். அதற்குப் பிறகு அவள் கதை கேட்கவில்லை. வாராவாரம் வந்து அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டுப் போனாள்.

7

ஓட்டை எப்படி விழுந்தது?

ஒன்று, அவள் விரல். இரண்டு மூன்று வருஷம் தடவினால் அந்தக் காலத்துக் காகிதமும் எவ்வளவுதான் தாங்கும்? நான் விரும்புவது இதைத்தான். விரும்புவதாலேயே நம்பவில்லை.

இன்னொன்று, வாத்தியாரின் பேனாக்கத்தி. அந்தக் காலத்தில் தப்பான எழுத்தைக் கத்தியால் சுரண்டித்தான் எடுப்பார்கள். அவள் வராத ஒரு சனிக்கிழமை, அல்லது அவள் வேறு வேலைத்தளத்துக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று, அவர் அந்தக் கோட்டைச் சுரண்டத் தொடங்கினார். சுழி போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். மை போன பிறகும் கை நிற்கவில்லை. சுழி போட இடம் இல்லாமல் போயிற்று.

"பூச்சி," என்றாள் அக்கா. "பழைய காகிதத்தைப் பூச்சி தின்னும். இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்படுற?"

பூச்சியாக இருக்கலாம். முப்பத்திரண்டு வரிசையும் பன்னிரண்டு மாதமும் இருக்கிற புத்தகத்தில் அது ஒரே ஒரு கட்டத்தை மட்டும் தின்றிருக்கிறது.*

* ஓட்டைக்குப் பின்பக்கமும் உண்டு. தாளின் மறுபுறம் அடுத்த மாதம். அங்கே பதினாலாம் வரிசையில் வேறொரு பிள்ளையைச் சேர்த்திருக்கிறார்கள். அவன் ஒரு நாள் வந்தானா இல்லையா என்பதும் இதோடு போயிற்று.

8

இப்போது அந்தத் தாள்.

அந்த மேடை இன்னும் இருக்கிறது. எங்கள் பள்ளியின் கூடத்தில் மேடை ஏன் வாசலை ஒட்டி, தப்பான பக்கத்தில், நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அதன்மேல் நின்று பாடியிருக்கிறோம். ஆறாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்க நான் அதில் ஏறினேன். நூற்றைம்பதாவது ஆண்டுக்கு அதன் நாலு பக்கமும் கான்கிரீட் ஊற்றி, மேலே கிரானைட் பதிக்கப்போகிறார்கள். பழைய கட்டடம் என்பதால் பொறியாளர் ஓர் உறுதிமொழி கேட்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டது அதில்தான். பள்ளியின் பழைய ஆவணங்களைப் பார்த்துவிட்டதாகவும், மேடைக்கு அடியில் குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தது. பையின் முடிச்சைக்கூட நான் அப்போது அவிழ்க்கவில்லை. மை உலர ஊதினேனா என்பது நினைவில்லை.

நேற்றுச் செயலாளருக்குப் போன் செய்தேன். அந்தத் தாளைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன்.

"ஏன் சார், ஏதாவது கெடைச்சுதா?"

கிடைத்தது ஓர் ஓட்டையும் ஒரு கடிதமும். மற்றதெல்லாம் நான் எழுதியது. சுண்டெலி நான் வைத்த பெயர், கோட்டு நான் போட்டுவிட்டது, பல் வாத்தியார் சொன்ன பொய், வாத்தியார் நான் சொன்ன பொய். இதை வைத்துக்கொண்டு ஒரு மேடையை உடைக்கச் சொல்ல முடியுமா? உடைத்து ஒன்றும் இல்லையென்றால் கதை எழுதுகிறவனுக்குப் பைத்தியம் என்பார்கள். இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைக்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

"பதிவேட்டுல அப்படி ஒண்ணும் இல்ல," என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

"அப்பறம் என்ன சார். திங்கக்கிழமை காலையில கலவை வண்டி வருது. வேற எதுனா இருந்தா அதுக்கு முன்னாடி சொல்லிடுங்க."

போனை வைத்துவிட்டார். மலருக்கான நாலு பக்கத்தை இன்று அனுப்பிவிட்டேன், முதல் தொடக்கத்தோடு, கடல் கடந்து வந்த துரையோடு. உயிர்ச்சேதம் இல்லை என்ற வரி அதில் இருக்கிறது.

இந்தக் கதையை மட்டும் உங்களிடம் தருகிறேன். இதற்கு முடிவு என்று என்னிடம் ஒன்றும் இல்லை, ஒரு கட்டம்தான் இருக்கிறது. சாய்கோடு போட்டால் அவள் வியாழக்கிழமை காலை வந்தாள், நாற்பதுவரை எண்ணினாள், ஆடுகிற பல்லைக் காட்டிச் சிரித்தாள், பிறகு எங்கோ போய்விட்டாள். மேடைக்கு அடியில் செங்கல் மட்டும்தான், கலவை வண்டி வரட்டும். சுழி போட்டால் அவள் வரவில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும், திங்கட்கிழமைக்குள் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். நான் போக மாட்டேன் என்று இவ்வளவு தூரம் படித்தவருக்குத் தெரிந்திருக்கும்.

பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே போட்டுவிடாதீர்கள்.

பதினாலு. வியாழன்.

[        ]